தோட்டத்திலிருந்து பந்திங் வரை சைக்கிளில்: ஓரமாகப் போனால் போதுமா?

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங்கிற்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். பட்டணத்தில் ஒரு உணவகத்தில் காலை ஷிப்டு வேலை கிடைத்திருக்கிறது. ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், நாலு மணிக்கு விடுவார்கள். வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். மோட்டார் லைசன்ஸ் இல்லை, பஸ்ஸை நம்ப முடியாது. தோட்டத்துக்குள் சைக்கிள் ஓட்டிய பழக்கம் உண்டு. "லோரி அடித்துவிடும், வேண்டாம்" என்கிறார் வீட்டுக்காரர். "ஓரமாகப் போனால் ஒன்றும் ஆகாது" என்கிறார் மாமியார். யார் பேச்சைக் கேட்பது?

வீட்டுக்காரர் பயப்படுவது நியாயம்தான். மாமியார் சொல்லும் வைத்தியம்தான் தப்பு. நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான். இருபத்திரண்டு வருடம் சைக்கிளிலேயே பட்டணத்துக்கு வேலைக்குப் போய் வந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துச் சைக்கிள்களைப் பழுது பார்க்கிறேன். போகலாம், தங்கச்சி. ஆனால் தோட்டத்துக்குள் ஓட்டிய மாதிரி ரோட்டில் ஓட்ட முடியாது. முதலில் மறக்க வேண்டியது அந்த "ஓரமாகப் போ" என்கிற பாடத்தை.

அந்தப் பாடம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? தாத்தாமார் காலத்தில் வெள்ளைக்காரத் துரையின் கார் வந்தாலோ, எதிரே கிராணி என்கிற தோட்டத்துக் கணக்கர் வந்தாலோ, சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். பாட்டி சொன்ன கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளத்தைக் கூட்டு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடு, மருத்துவ வசதி செய், எங்கள் பெண்களிடம் கை வைக்காதே என்ற கோரிக்கைகளோடு இதையும் ஒன்றாக வைத்தார்கள்: துரைமாருக்கும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். அந்த மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே ரோட்டில் போவதற்கு நம் ஆட்கள் இவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள்.

இறங்கி நிற்பது எப்போதோ போய்விட்டது. பின்னால் பெரிய வண்டிச் சத்தம் கேட்டதும் புல்லுக்குள் ஒதுங்கும் பழக்கம் மட்டும் உடம்பிலேயே தங்கிவிட்டது. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் அதனால் கெடுதல் இல்லை. டிராக்டர் இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரும், ஓட்டுகிறவர் நம் பக்கத்து வீட்டு மாமாவாக இருப்பார். தார் ரோட்டில் அதே பழக்கம் ஆளைக் கொல்லும்.

எப்படி என்றால், தார் முடியும் கடைசி ஒரு அடியில்தான் எல்லாக் குப்பையும் சேரும். சரளைக்கல், உடைந்த கண்ணாடி, லோரியிலிருந்து உதிர்ந்த பழம், மழைநீர் அரித்த பள்ளம், அப்புறம் லோங்காங் என்கிற சாலையோரச் சாக்கடையின் இரும்புச் சட்டம். சட்டத்தின் கம்பிகள் ரோட்டோடு ஒரே திசையில் இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும். அதற்கும் வெளியே தாருக்கும் மண்ணுக்கும் நடுவில் இரண்டு மூன்று அங்குல இறக்கம் இருக்கும். முன்சக்கரம் அதில் ஒரு முறை இறங்கிவிட்டால் சாய்வாகத் திரும்பித் தாரில் ஏறாது. விளிம்பில் உரசும், ஆள் ரோட்டுப் பக்கமாக விழுவார். நான் பார்த்த, விழுந்து பட்ட காயங்களில் பாதி இப்படி வந்ததுதான், எந்த வண்டியும் தொடாமலேயே.

இரண்டாவது காரணம், ஒட்டி ஒட்டிப் போகிறவரைப் பார்த்தால் பின்னால் வருகிறவனுக்கு "ஸ்டியரிங்கைத் திருப்பாமலே போய்விடலாம்" என்றுதான் தோன்றும். அவன் உங்கள் முழங்கையை உரசிக்கொண்டு போகும் நேரத்தில்தான் உங்கள் முன்னால் அந்தப் பள்ளமும் வரும். நீங்கள் வலது பக்கம் ஒடிப்பீர்கள்.

அதனால் தார் ஓரத்திலிருந்து ஒரு கை நீளம், முக்காலிலிருந்து ஒரு மீட்டர் வரை, உள்ளே தள்ளி ஓட்டுங்கள். அங்கே ஓட்டினால் பின்னால் வருகிறவன் கொஞ்சமாவது விலகித்தான் ஆக வேண்டும். பள்ளம் வந்தால் உங்களுக்கு இடது பக்கமும் இடம் இருக்கும். போகும் கோடு நேராக இருக்கட்டும். நிறுத்தியிருக்கும் இரண்டு காருக்கு நடுவே புகுந்து வெளியே வந்து, மறுபடி புகுந்து வெளியே வருகிறவர்கள் உண்டு. மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள். ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் பின்னால் இருப்பவனுக்கு அது திடீர் அதிர்ச்சிதான்.

ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறவன் உங்களைப் பார்த்துவிட்டான் என்று அர்த்தம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கிள்ளானிலிருந்து பந்திங் வழியாகப் போகும் 5-ஆம் எண் கூட்டரசு சாலையில் சைக்கிளில் போவது வேறு கணக்கு. கூட்டரசு சாலையில் பொதுவான வேக வரம்பு 90. கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் போகும் கனரக லோரிகளும் பாமாயில் தொட்டி லோரிகளும் அதில் ஓடுகின்றன. அங்கே வெள்ளைக் கோட்டுக்கு இடது பக்கம் நல்ல தார் போட்ட ஓரப்பாதை இருந்தால் அதிலேயே போங்கள். கோட்டுக்கு இடது பக்கம் ஒரு முழம் தள்ளி, நேராக. ஓரப்பாதை குறுகும் இடத்துக்கு முன்பே திரும்பிப் பார்த்து, கை காட்டி, மெதுவாக உள்ளே வாருங்கள். அது முடிகிற இடத்தில் போய் நின்று திணறக் கூடாது. இன்னொன்று, அந்த ஓரப்பாதையை மோட்டார்காரர்கள் தங்கள் சொத்து என்று நினைக்கிறார்கள். நம் நாட்டில் 2019-இல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 6,167 பேர். ஒவ்வொரு ஆண்டும் இறப்பவர்களில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான். அவர்களும் நம்மைப் போல இரண்டு சக்கரத்து ஏழைகள்தான், ஆனால் எண்பதில் வருவார்கள். ஓரப்பாதைக்குள் நகர்வதற்கு முன்பும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் பார்ப்பது என்றேன். சைக்கிள் ஆடாமல் வலது தோளுக்கு மேல் பின்னால் பார்க்க நிறைய பேருக்கு வராது. தலையைத் திருப்பினால் கையும் கூடவே திரும்பிவிடும். இதைத் தோட்டத்துத் திடலில் பழகுங்கள். திடலில் சுண்ணாம்புக் கோடு இருந்தால் அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு, பின்னால் நிற்கும் பிள்ளை எத்தனை விரல் காட்டுகிறது என்று சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் போதும். உங்களுக்கு வராவிட்டாலும் பிள்ளைக்கு விளையாட்டு.

இப்போது லோரிக்கு வருகிறேன். வீட்டுக்காரர் பயப்படும் லோரி பின்னால் வந்து இடிக்கிற லோரி. எனக்குப் பயம் பக்கத்தில் நிற்கிற லோரியிடம்.

ஒரு நாள் காலை, ஆலைக்குத் திரும்பும் சந்திப்பில் எனக்கு முன்னால் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று மெதுவாகப் போனது. திடீரென்று வலது பக்கமாகச் சாய்ந்து ஒதுங்கியது. இடது பக்கம் ஒரு கார் போகும் அளவுக்கு வழி. நமக்குத்தான் வழிவிடுகிறான் என்று நினைத்து மிதித்து உள்ளே போனேன். பாதி நீளம் போயிருப்பேன், லோரியின் தலை என் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. நீளமான வண்டி இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் வலது பக்கம் அகன்றுதான் திரும்பும். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. முன்சக்கரம் என்னைத் தாண்டிப் போய்விட்டது, தப்பினேன் என்று மூச்சு விட்டேன். பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. அது குறுக்கே வெட்டி உள்ளே வரும். தலைக்கு மேல் பழக்குலையின் முள் தெரிகிறது, வலது பக்கம் இரண்டு டயர் சேர்ந்து சுவர் மாதிரி நகர்ந்து வருகிறது. சைக்கிளை விட்டுவிட்டுப் புல்லில் பாய்ந்தேன். சைக்கிளின் முன்சக்கரம் பொரித்த அப்பளமாகிவிட்டது. ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தான், முகத்தில் இரத்தமே இல்லை. "தாக் நம்பாக், அண்ணே, தாக் நம்பாக்" என்றான். பார்க்கவே இல்லையாம். இடது சிக்னல் போட்டிருந்தான்தான். அந்த விளக்கின் மேல் ஒரு விரல் தடிமனுக்குச் செம்மண் அப்பியிருந்தது.

எனக்கு அப்போது கோபம்தான். அடுத்த வாரம் தெரிந்த ஒருவரின் லோரியில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். என் மகனைச் சைக்கிளோடு இடது கதவு ஓரமாக நிற்கச் சொன்னேன். அவனுடைய தலைமுடிகூடத் தெரியவில்லை. இரண்டு அடி பின்னால் நகரச் சொன்னேன். கண்ணாடியின் மூலையில் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார். உயரமான வண்டியில் இடது பக்கம் முழுக்க அவருக்குக் குருட்டு இடம்.

ஆகவே லோரி, பஸ், டிராக்டர் இழுவை எதுவாக இருந்தாலும் இடது பக்கம் நுழையவே கூடாது. நின்றிருந்தாலும் கூடாது. சமிக்ஞை விளக்கில் பின்னாலேயே நில்லுங்கள். இரண்டு நிமிடம் புகை குடிப்பது பரவாயில்லை. கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் நிற்கும்போது லோரி வந்து உங்கள் வலது பக்கத்தில் ஒட்டி நின்றால், கூச்சப்படாமல் இறங்கி சைக்கிளை நடைபாதையில் ஏற்றிவிடுங்கள்.

இதே கதையின் சின்ன உருவம் கார். உங்களை முந்திக்கொண்டு போய் உடனே இடது பக்கம் பெட்ரோல் நிலையத்துக்குள்ளோ தாமான் என்கிற குடியிருப்புக்குள்ளோ வெட்டித் திரும்புவார்கள். சைக்கிள் என்றால் நின்றுகொண்டிருக்கிற பொருள் என்று அவர்களுக்கு நினைப்பு. சந்திப்பை நெருங்கும்போது ஓரத்தை விட்டு இன்னும் கொஞ்சம் நடுப்பக்கம் வந்துவிட்டால், முந்துவதா பொறுப்பதா என்று அவர்கள் யோசித்தாக வேண்டும்.

நம் ஆட்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எதிர்த்திசையில் ஓட்டுவது. "எதிரே வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டே போகலாமே" என்பார்கள். நடப்பவருக்கு அது சரியான பாடம், சைக்கிளுக்குச் சரிவராது. நீங்கள் 15-இல் போகிறீர்கள், கார் 60-இல் வருகிறது. ஒரே திசை என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 45. எதிர்த்திசை என்றால் 75. அதைவிட மோசமானது சந்துகளில் இருந்து வரும் வண்டிகள். சந்திலிருந்து இடது பக்கம் திரும்புகிறவர் வலது பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார், வண்டி வருவது அங்கிருந்துதானே. நீங்கள் அவருடைய இடது பக்கத்திலிருந்து வந்தால் அவருடைய பம்பரில்தான் அறிமுகம் ஆவீர்கள். தோட்டத்து வாசலிலிருந்து பட்டணத்துப் பக்கம் போக ரோட்டைக் கடக்க வேண்டுமானால், இறங்கித் தள்ளிக்கொண்டு கடங்கள். கடக்கச் சோம்பல்பட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் எதிர்த்திசையில் போகிறார்கள்.

பந்திங் கடைவீதிக்குள் வந்துவிட்டால் லோரி பயம் குறையும், கார் கதவு பயம் தொடங்கும். கார்களை இடது ஓரமாக நிறுத்தியிருப்பார்கள். ஓட்டுநர் பக்கத்துக் கதவு ரோட்டுப் பக்கமாக, ஏறக்குறைய ஒரு மீட்டர் திறக்கும். ரொட்டி சானாய் வாங்க அவசரமாக இறங்குகிறவர் கண்ணாடியைப் பார்க்க மாட்டார். நிறுத்தியிருக்கும் கார்களை விட்டு ஒரு முழுக் கதவு அகலம் தள்ளி ஓட்டுங்கள். பின்னால் வண்டி தேங்கினாலும் பரவாயில்லை, கடைவீதியில் யாரும் பெரிய வேகத்தில் போக முடியாது. உள்ளே தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா, முன்சக்கரம் வெளியே திரும்பியிருக்கிறதா என்று போகிற போக்கில் பார்த்துக்கொண்டே போகலாம். ஒரு மாதத்தில் கண் தானாகப் பழகிவிடும். இரட்டை வரிசையாக நிறுத்தியிருக்கும் இடத்தில் மட்டும் நடந்து போகும் வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். இரண்டு காருக்கு நடுவிலிருந்து எப்போதும் ஒரு பிள்ளை ஓடி வரும். கடைகளுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் மட்டும் ஏறி ஓட்டாதீர்கள், அது நடப்பவர்களின் இடம்.

பெரிய சந்திப்பில் வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் நடுப்பாதைக்குப் போய் வீரம் காட்ட வேண்டாம். பச்சை விழுந்ததும் நேரே எதிர்ப்பக்கம் போங்கள். அங்கே இடது மூலையில் நின்று சைக்கிளைத் திருப்பிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துக்குப் பச்சை விழும்போது அந்த வண்டிகளோடு சேர்ந்து போங்கள். ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். நான் கடைசி வரை இப்படித்தான் திரும்பினேன்.

அடுத்தது இருட்டு. ஆறேகாலுக்குக் கிளம்புவீர்கள். அப்போது விடிந்திருக்காது. என் அப்பா சின்ன வயதில் ஆறரைக்கெல்லாம் வெளிச்சத்தில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போனதாகச் சொல்வார், நான் நம்பவில்லை. அவர் சொன்னது சரிதான். 1982 ஜனவரி 1-ஆம் தேதி சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாக இருக்கட்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சூரியன் பழைய கணக்கிலேயே இருக்கிறது. வருடம் முழுக்க நம் பக்கம் விடிவது ஏறத்தாழ ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில்தான். அதாவது உங்கள் காலைப் பயணம் முழுக்க இரவுப் பயணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காரின் கீழ்விளக்கு வெளிச்சத்தில் கறுப்புச் சட்டை போட்ட ஆள் முப்பது நாற்பது மீட்டரில்தான் தெரிவார். 90-இல் வருகிற வண்டி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடும். ஓட்டுநர் காலைத் தூக்கிப் பிரேக்கில் வைப்பதற்குள் அந்தத் தூரம் தீர்ந்துபோகும். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு. இரண்டையும் போலீஸ் கேட்காவிட்டாலும் நீங்கள் போட வேண்டும். மின்னேற்றம் செய்கிற விளக்கே போதும், பழைய டைனமோ நின்றதும் அணைந்துபோகும். பின்விளக்கை இருக்கைக் கம்பியில் மாட்டுங்கள். கேரியரில் பை வைத்தால் அது மறைகிறதா என்று சைக்கிளை நிறுத்திவிட்டுப் பின்னால் பத்தடி நடந்துபோய்ப் பாருங்கள். நான் பார்த்த பின்விளக்குகளில் பாதி சாப்பாட்டுப் பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எரிகின்றன.

விளக்கைவிட மலிவான ஒன்று, கணுக்காலில் சுற்றும் பளபளப்புப் பட்டை. மிதிக்கும்போது அது மேலும் கீழும் போகும். ரோட்டில் நூறு சிவப்புப் புள்ளி இருந்தாலும், மேலும் கீழும் போகிற ஒன்றைப் பார்த்ததும் "அட, ஆள்" என்று மூளை சொல்லிவிடும். உங்களுக்குச் சுடிதாரோ சீருடைக் கால்சட்டையோ, அதன் தொளதொளப்பும் செயினில் மாட்டாமல் அதே பட்டைக்குள் அடங்கும்.

திரும்புவது நாலு மணிக்கு. நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இடி மழை கொட்டுகிற நேரமும் அதுதான். முதல் பத்து நிமிட மழைதான் மோசம். தாரில் கிடக்கும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். ஆலைச் சந்திப்பிலும் லோரி வளையும் வளைவிலும் பழச்சாறும் எண்ணெயும் படிந்திருக்கும். தோட்டத்து வாசலில் டயர் கொண்டுவந்த செம்மண் கூழாகிக் கிடக்கும். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாலத்தின் இரும்புப் பட்டை இதையெல்லாம் நேராகக் கடங்கள். அதன் மேல் இருக்கும்போது திரும்பவும் கூடாது, பிரேக்கும் பிடிக்கக் கூடாது. இடி இடித்தால் பெட்ரோல் நிலையமோ கடையோ பார்த்து ஒதுங்குங்கள். தனி மரத்தடி ஆகாது. தாமதமானால் வீட்டில் தேநீர் ஆறிப்போகும், அவ்வளவுதானே.

பிரேக்கைப் பற்றித்தான் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். தாத்தா காலத்து ராலி சைக்கிள் வீட்டில் இருந்தால் அதைப் பூஜையில் வையுங்கள், பட்டணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். அதன் சக்கர விளிம்பு பளபளவென்ற எஃகு. காய்ந்திருந்தால் பிடிக்கும், நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே இருக்கும், சைக்கிள் தன் பாட்டுக்குப் போகும். அலுமினிய விளிம்பு மழையிலும் சுமாராகப் பிடிக்கும். அதிலும் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரைத் துடைக்கத்தான் ஆகும். மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகப் பிடித்துத் துடைத்துக்கொண்டே வாருங்கள். வண்டியை நிறுத்துவதில் பெரிய பங்கு முன்பிரேக்குக்குத்தான். "முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்" என்று சொல்லி வளர்த்ததால் நம் பெண்கள் பலர் பின்பிரேக்கை மட்டும் பிடிக்கிறார்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, இரண்டையும் சேர்த்து, மெதுவாக ஆரம்பித்து இறுக்கிப் பிடிக்கப் பழகுங்கள்.

காலையில் கிளம்பும்முன் அரை நிமிட வேலை. டயரைக் கட்டை விரலால் அழுத்துங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்துச் சைக்கிளை முன்னால் தள்ளிப் பாருங்கள், செயின் தொங்குகிறதா என்று பாருங்கள். டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும்.

தலைக்கவசம் வாங்குங்கள், ஆனால் அது என்ன செய்யும் என்று தெரிந்து வாங்குங்கள். சைக்கிள் கவசத்துக்கான ஐரோப்பிய தரம் இ.என். 1078. அந்தச் சோதனையில் கவசம் இடிபடுவது ஏறக்குறைய மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை விழுந்த மாதிரி. பள்ளத்தில் விழுவதற்கும் நாய் குறுக்கே வருவதற்கும் அது காப்பு. லோரிக்கு இல்லை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு மட்டமாக உட்கார வேண்டும். கொண்டை போட்டால் கவசம் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும், பின்னலைக் கழுத்துக்குக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

நாய் என்றதும் ஞாபகம் வருகிறது. லயத்து நாய்கள் உங்களுக்குத் தெரிந்தவை. தாமான் நாய்களுக்கு நீங்கள் யாரோ. துரத்தினால் வேகமாக மிதிக்கவோ காலால் உதைக்கவோ வேண்டாம். நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு அதட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். கைப்பையை ஹேண்டலில் மாட்டாதீர்கள். ஒன்று சக்கரத்தில் சிக்கும், இன்னொன்று மோட்டாரில் வருகிறவன் பறிப்பதற்கு வசதி. கூடைக்குள் போட்டு, வாரை இருக்கைக் கம்பியில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம். அவன் இழுத்தால் சைக்கிளோடு நீங்களும் போவீர்கள். கூடையில் போட்டு மேலே ஒரு வலை மூடி போதும்.

வீட்டில் யாராவது "மின்ஸ்கூட்டர் வாங்கிவிடேன்" என்பார்கள். நின்றுகொண்டு ஓட்டுகிற அந்த வகைக்கு 2021-ஆம் ஆண்டு விதிகளில் சாலையில் தடை. அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். வேலைக்குச் சேர்ந்ததும் முதலாளி சொக்சோ, அதாவது ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சந்தா, கட்டுகிறாரா என்று கேளுங்கள். 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் வேலை விபத்தாகவே சேரும். சைக்கிளில் போனாலும் சேரும். ஆனால் அந்த வழியை விட்டு விலகி, சொந்த வேலையாக பாசாருக்கோ தோழி வீட்டுக்கோ போன இடத்தில் அடிபட்டால், அதை வேலை விபத்தாகச் சேர்ப்பதில் சிக்கல் வரும். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்துவிடுங்கள். சின்ன அடி என்று விட்டுவிடாதீர்கள். ஆம்புலன்சுக்கு 999. என்னை லோரி புல்லில் தள்ளிய அன்றைக்கு நான் புகார் செய்யவில்லை. மூன்று மாதம் கழித்துத் தோள்பட்டை தூக்க முடியாமல் போனபோது காட்டுவதற்குக் கையில் ஒரு தாளும் இல்லை.

வழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழு கிலோமீட்டர் என்றால் பழைய கணக்கில் நாலு கட்டைக்கு, அதாவது நாலு மைலுக்கு, கொஞ்சம் மேல். அதில் எவ்வளவு தூரம் தோட்டத்துக்குள்ளேயே போக முடியும் என்று விசாரியுங்கள். பக்கத்துத் தோட்டத்து உள்ரோடு வழியாகப் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர் கூடும், பெரிய ரோட்டில் பாதி மிச்சமாகும். காவலாளியிடம் முன்பே சொல்லி வையுங்கள். தடைக்கம்பத்தை எத்தனை மணிக்குத் திறப்பார் என்றும் கேளுங்கள், ஆறேகாலுக்கு அது பூட்டிக் கிடந்தால் திரும்பி வரும் தூரம் கொடுமை. இருட்டில் செம்பனைக்கு நடுவே தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் காலையில் பெரிய ரோடு, மாலையில் உள்ரோடு என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலை தொடங்கும் முன் வருகிற ஞாயிற்றுக்கிழமை, விடிந்த பிறகு, வீட்டுக்காரரையும் இன்னொரு சைக்கிளில் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய் வாருங்கள். அவர் பின்னால் வரட்டும். எந்த இடத்தில் அவருக்கு நெஞ்சு படபடத்தது என்று திரும்பி வந்ததும் கேளுங்கள். அந்த இடங்களையும், உங்கள் சைக்கிளின் சக்கர விளிம்பு எஃகா அலுமினியமா என்பதையும் எனக்கு எழுதுங்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், எஃகு என்றால் ஒட்டும். அதைப் பார்த்து எந்தப் பிரேக் கட்டை வாங்கலாம் என்று சொல்கிறேன்.